பாய்ஸ், பாய்’ஸ், பாய்ஸ்’: அந்தக் குறியை எங்கே வைப்பது?

கேட்டவர் ஒரு பள்ளி ஆசிரியை. செப்டம்பர் 5 விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தபோது "டீச்சர்ஸ் டே" என்பதை ஆளுக்கொரு விதமாக எழுதினார்களாம். ஒருவர் எஸ் எழுத்துக்கு முன்னால் அப்பாஸ்ட்ரஃபி என்ற குறியை (’) வைத்தார், ஒருவர் பின்னால் வைத்தார், ஒருவர் வைக்கவே இல்லை. எது சரி, பன்மைக்கும் எஸ், "உடைய" என்பதற்கும் எஸ் என்றால் பிள்ளைகளுக்கு எப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது என்பது அவருடைய கேள்வி.

டீச்சர்ஸ்’ டே என்பதுதான் சரி. குறி கடைசியில் வரும். காரணத்தைத் தமிழ் வழியாகவே பிடித்துவிடலாம். "ஆசிரியர்களின்" என்ற சொல்லைப் பிரித்தால் ஆசிரியர், கள், இன். முதலில் பன்மை, அதற்கு அப்புறம் வேற்றுமை. "ஆசிரியரின்கள்" என்று நாம் யாரும் சொல்வதில்லை. ஆங்கிலமும் இதே வரிசையில்தான் போகிறது. டீச்சர் என்பது பன்மையில் டீச்சர்ஸ். அதன்மேல் உடைமைக்கு இன்னொரு எஸ் சேர்க்க வேண்டும். ஆனால் பன்மை எஸ்ஸின் மேல் உடைமை எஸ்ஸை ஆங்கிலம் அடுக்குவதில்லை. அதனால் இரண்டாவது எஸ் விழுந்துவிடுகிறது, குறி மட்டும் நிற்கிறது.

இந்த வரிசை கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் நவம்பர் 14-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சில்ட்ரன்’ஸ் டே. சில்ட்ரன் என்பது ஏற்கெனவே பன்மை, அதன் முடிவில் எஸ் இல்லை. ஆகவே உடைமை எஸ் தடையில்லாமல் வந்து உட்காருகிறது. "சில்ட்ரன்ஸ்’" என்று குறியைக் கடைசியில் வைத்தால் "சில்ட்ரன்ஸ்" என்றொரு பன்மை இருப்பதாக ஆகிவிடும். அப்படி ஒன்று கிடையாது. சென்னையிலேயே இரண்டு கல்லூரிப் பெயர்கள் இதற்கு நல்ல பாடம். 1914-இல் தொடங்கிய குயின் மேரி’ஸ் காலேஜில் உடையவர் ஒரே அரசி. 1915-இல் தொடங்கிய விமன்’ஸ் கிறிஸ்டியன் காலேஜில் உடையவர்கள் பல பெண்கள். இரண்டிலும் குறி எஸ்ஸுக்கு முன்னால்தான் இருக்கிறது. "ஒருமை என்றால் முன்னால், பன்மை என்றால் பின்னால்" என்று மனப்பாடம் செய்த பிள்ளை விமன் வந்ததும் தடுமாறுவது இதனால்தான். அந்தச் சூத்திரத்தை வகுப்பில் சொல்லாதீர்கள். குறியையும் அதற்கு வலப்பக்கம் இருப்பதையும் கையால் மறைத்து, இடப்பக்கம் நிற்பதைத் தனியாகப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே இருப்பதுதான் உடையவர். டீச்சர் என்று நின்றால் ஓர் ஆசிரியர், டீச்சர்ஸ் என்று நின்றால் பலர், சில்ட்ரன் என்று நின்றால் குழந்தைகள். இது எந்தச் சொல்லுக்கும் பொய்க்காது.

அன்னையர் தினத்தை ஆங்கிலத்தில் மதர்’ஸ் டே என்று ஒருமையில் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் அந்த நாளுக்காகப் பாடுபட்ட ஆன்னா ஜார்விஸ் அது ஒருமையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். உலகத்துத் தாய்மார் எல்லாரையும் கூட்டமாகப் போற்றும் நாள் அல்ல, அவரவர் தன் தாயைப் போற்றும் நாள் என்பது அவர் எண்ணம். 1914-இல் குடியரசுத் தலைவர் வில்சன் அதை அறிவித்தபோதும் ஒருமையே நிலைத்தது. குறி இடம் மாறினால் பொருளும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டு வேலைக்கும் ஒரே எஸ் எப்படி வந்தது? ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இவை இரண்டு வேறு உருபுகள். கல்லுக்கு ஸ்டான் என்பார்கள். "கல்லின்" என்பதற்கு ஸ்டானெஸ், "கற்கள்" என்பதற்கு ஸ்டானஸ். உயிரொலி வேறு, பொருள் வேறு. நம்மைப் போலவே அவர்களும் பெயர்ச்சொல்லை வேற்றுமைக்கு வேற்றுமை திரித்துப் பேசியவர்கள்தான். பிறகு சொல்லின் கடைசி அசைகள் அழுத்தம் இழந்து மங்கின. இரண்டும் ஒரே "எஸ்" ஒலியில் வந்து நின்றன. மற்ற வேற்றுமை உருபுகள் உதிர்ந்துபோயின. இன்றைய ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் உருபாக மிஞ்சியிருப்பது நம் ஆறாம் வேற்றுமைக்கு ஈடான இந்த ஒன்றுதான்.

குறி பின்னால் வந்த சேர்க்கை. 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சகங்களைப் பார்த்து, எழுத்து விடுபட்ட இடத்தைக் காட்ட ஆங்கில அச்சகங்களும் அதைக் கையாண்டன. ஒருமை உடைமையில் அது பரவியது 17-ஆம் நூற்றாண்டில். எஸ்ஸில் முடியும் பன்மைக்குப் பின்னால் வைக்கும் வழக்கம் நிலைபெற்றது 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். பேச்சில் இந்தக் குறி இல்லவே இல்லை. பாய்ஸ், பாய்’ஸ், பாய்ஸ்’ மூன்றும் காதுக்கு ஒன்றே. அது கண்ணுக்காக மட்டும் வைத்தது. அதனால்தான் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் சறுக்குகிறார்கள். காய்கறிக் கடைப் பலகையில் வெறும் பன்மைக்கு "பொட்டேட்டோ’ஸ்" என்று எழுதும் பிழை இங்கிலாந்தில் அவ்வளவு பரவலானது. காய்கறிக் கடைக்காரர் அப்பாஸ்ட்ரஃபி என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் 2001-இல் இந்தக் குறியைக் காக்க ஒரு சங்கமே தொடங்கி, 2019-இல் 96 வயதில் அதை மூடுவதாக அறிவித்தார். உங்கள் மாணவர்கள் தவறு செய்தால் அது தமிழ் வழியில் படித்ததால் வந்த குறை என்று யாரும் சொல்ல இடமில்லை.

இனி பன்மை. எஸ் சேர்ப்பது, எஸ், எக்ஸ் போன்ற முடிவுகளுக்கு ஈ-எஸ் சேர்ப்பது எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். புத்தகங்கள் அதிகம் சொல்லாதது ஒலி. எழுத்தில் ஒரே எஸ் இருந்தாலும் வாயில் மூன்று ஒலி. புக்ஸ், கேட்ஸ் போன்றவற்றில் வெறும் காற்றாக வரும். டாக்ஸ் (நாய்கள்), பென்ஸ் போன்றவற்றில் தொண்டை அதிரும். ஜீரோ என்று நாம் எழுதும் சொல்லின் முதல் ஒலியை ஆங்கிலேயர் எப்படிச் சொல்வார்களோ அந்த ஒலி. பஸ், பாக்ஸ் போல ஏற்கெனவே சீறி முடியும் சொற்களில் நடுவே ஓர் இகரம் புகுந்து பஸ்ஸிஸ், பாக்ஸிஸ் என்று தனி அசையாகும். தொண்டையில் விரலை வைத்து புக்ஸ், பென்ஸ் என்று மாறி மாறிச் சொல்லச் சொன்னால் பிள்ளைகள் அந்த அதிர்வைத் தாங்களே கண்டுகொள்வார்கள். ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் 1958-இல் குருவி போன்ற ஓர் உருவத்தை வரைந்து, அதற்கு "வக்" என்று இல்லாத ஒரு பெயரை இட்டு, இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று சிறு குழந்தைகளைக் கேட்டார். முன்பின் கேட்டிராத அந்தச் சொல்லுக்கும் பெரும்பாலான குழந்தைகள் அதிரும் ஒலியோடு பன்மை சொன்னார்கள். விதியை யாரும் கற்பிக்கவில்லை, காது கற்றுக்கொண்டிருந்தது. உடைமை எஸ்ஸுக்கும் இதே மூன்று ஒலிகள்தான்.

எழுத்துக்கூட்டலில் ஒரே ஒரு செய்தியை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இது பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும். பன்மை சொல்லின் எழுத்தை மாற்றலாம். உடைமை ஒருபோதும் மாற்றாது. லேடி என்பது ஒய் எழுத்தில் முடிகிறது. ஒரு பெண்மணியின் கைப்பை என்றால் அந்த ஒய் அப்படியே நிற்க, குறியும் எஸ்ஸும் சேரும். பல பெண்மணிகள் என்றால் ஒய் போய் ஐ-ஈ-எஸ் வரும், அதன்பின் குறி. வைஃப் என்பதும் அப்படியே. மனைவியின் என்றால் எஃப் நிற்கும், வைஃப்’ஸ். மனைவியரின் என்றால் வி வரும், வைவ்ஸ்’. ஆக ஒய் அப்படியே இருந்து குறி வரவில்லை என்றாலும், ஐ-ஈ-எஸ்ஸுக்கு நடுவே குறி நுழைந்தாலும் பிழை என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். பாய், கீ போல ஒய் எழுத்துக்கு முன்னால் உயிரெழுத்து இருந்தால் மட்டும் பன்மையிலும் ஒய் மாறாது.

எஃப் ஏன் வி ஆனது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பழைய ஆங்கிலத்தில் தொண்டை அதிரும் இரண்டு ஒலிகளுக்கு நடுவே வரும் எஃப் வி போல ஒலித்தது. பன்மை விகுதி சேர்ந்ததும் எஃப் அப்படிப்பட்ட ஒலிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது, ஒலி மெலிந்தது. நைஃப், லைஃப், லீஃப், உல்ஃப் எல்லாம் அந்தப் பழைய சொற்கள். பிரெஞ்சிலிருந்து பின்னால் வந்த சீஃப் மாறாமல் சீஃப்ஸ் என்றே இருக்கிறது.

உள்ளுயிர் மாறும் சொற்கள் இன்று வழக்கில் ஏழுதான்: மேன், உமன், ஃபுட், டூத், கூஸ், மௌஸ், லௌஸ். மிகப் பழங்காலத்தில் இவற்றின் பன்மை விகுதியில் ஓர் இகரம் இருந்தது. அது முன்னால் இருந்த உயிரைத் தன் பக்கம் இழுத்துத் திரித்தது. பிறகு விகுதி உதிர்ந்துவிட்டது, திரிந்த உயிர் மட்டும் தங்கிவிட்டது. ஃபுட் ஃபீட் ஆனதற்கும் டூத் டீத் ஆனதற்கும் காரணம் ஒன்றே.

சில்ட்ரன் இதைவிடச் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் சில்ட் என்ற சொல்லுக்கு சில்ட்ரு என்பதே பன்மை. காலப்போக்கில் அந்த ரகரத்தைப் பன்மை என்று யாரும் உணரவில்லை. அதன்மேல் ஆக்ஸன் என்ற சொல்லில் இருக்கிற இன்னொரு பன்மை விகுதியையும் சேர்த்தார்கள். இரண்டு பன்மை ஒரே சொல்லில். நாம் செய்ததும் இதையேதான். ஆசிரியர் என்பதிலுள்ள அர் முதலில் பலர்பால் விகுதி. அது மரியாதை ஒருமையாகத் தேய்ந்ததும் அதன்மேல் கள் சேர்த்து ஆசிரியர்கள் என்றோம். தொல்காப்பியம் கள் விகுதியை அஃறிணைக்குத்தான் சொல்கிறது. இரு மொழியும் தொடர்பில்லாமல் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. வகுப்பில் இதைச் சொன்னால் சில்ட்ரன் என்ற சொல் அதற்குப் பிறகு மறக்காது.

தமிழ் பேசுபவர்களுக்கென்றே வரும் சறுக்கல்கள் சில உண்டு. "பத்து மரம்", "மூணு இட்லி", "ரெண்டு புத்தகம்" என்பது நமக்கு இயல்பு. எண்ணே பன்மையைச் சொல்லிவிடுவதால் அஃறிணைக்குக் கள் கட்டாயமில்லை. அந்தப் பழக்கத்தில் "டென் புக்" என்று வந்துவிடும். ஆங்கிலத்தில் எண் இருந்தாலும் டென் புக்ஸ் என்றே சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த எண் இன்னொரு பெயருக்கு அடைமொழியானால் எஸ் போய்விடும். ஐந்நூறு ரூபாய் என்றால் ஃபைவ் ஹண்ட்ரட் ருப்பீஸ். ஐந்நூறு ரூபாய் நோட்டு என்றால் ஃபைவ்-ஹண்ட்ரட்-ருப்பீ நோட்.

"ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" என்ற பிழைக்குத் தமிழைக் குற்றம் சொல்ல முடியாது. "என் நண்பர்களில் ஒருவர்" என்றுதானே சொல்கிறோம். அந்தக் கள்ளை அப்படியே கொண்டுபோனால் ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் என்று சரியாக வந்துவிடும். இங்கே தமிழில் நினைப்பதே கைகொடுக்கும். ஃபர்னிச்சர், லக்கேஜ், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட் ஆகியவற்றுக்கு எஸ் சேர்ப்பதும் கடைப் பலகையிலிருந்து அலுவலகக் கோப்பு வரை காணும் பிழை. நாம் தண்ணீர்கள், அரிசிகள் என்று சொல்லாதது போல அவர்கள் இவற்றை எண்ணுவதில்லை. எதிர்ப்பக்கம் டேட்டா, கிரைட்டீரியா இரண்டும் பிறப்பால் பன்மை. டேட்டாவை ஒருமையாகச் சொல்வது இன்று பரவலாக ஏற்கப்பட்டுவிட்டது. "திஸ் கிரைட்டீரியா" இன்னும் ஏற்கப்படவில்லை, ஒன்றென்றால் கிரைட்டீரியன்.

விடுப்பு விண்ணப்பத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், நம் ஊரில் ஆங்கில உடைமை அதிகம் எழுதப்படும் தாள் அதுதான். ஒரு நாள் விடுப்பு ஒன் டே’ஸ் லீவ். இரண்டு நாள் விடுப்பு டூ டேஸ்’ லீவ். காலமும் உடையவராக நிற்கும். அந்த நாள்களுக்கு உரிய விடுப்பு என்பது பொருள். கடிதத்தின் அடியில் யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி என்று எழுதும்போது பலர் யுவர்ஸில் ஒரு குறி செருகிவிடுகிறார்கள். அது கூடவே கூடாது. யுவர்ஸ், ஹர்ஸ், அவர்ஸ், தெயர்ஸ், ஹிஸ், இட்ஸ் ஆகிய பதிற்பெயர்கள் தாங்களே உடைமைப் பொருளோடு பிறந்தவை, குறி வேண்டாதவை. இட்’ஸ் என்று குறியோடு வந்தால் அது இட் இஸ் அல்லது இட் ஹேஸ் என்பதன் சுருக்கம். எழுதிய வாக்கியத்தில் இட் இஸ் என்று விரித்துப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொருள் நின்றால் குறி வேண்டும், நிற்காவிட்டால் வேண்டாம்.

சுருக்கப் பெயர்களுக்கும் ஆண்டுகளுக்கும் வெறும் எஸ் போதும். எம்எல்ஏக்கள் என்பதற்கு எம்எல்ஏஸ், குறி இல்லாமல். எம்எல்ஏ’ஸ் என்றால் ஒரு சட்டமன்ற உறுப்பினருடைய ஏதோ ஒன்று.

எஸ்ஸில் முடியும் ஆள்பெயர், ஊர்ப்பெயர் என்று வந்தால் ஆங்கிலேயரிடமே ஒருமித்த கருத்து இல்லை. ஜேம்ஸ்’ஸ் என்பாரும் உண்டு, ஜேம்ஸ்’ என்பாரும் உண்டு. லண்டன் பூங்கா செயின்ட் ஜேம்ஸ்’ஸ் பார்க். நியூகாசில் கால்பந்து மைதானம் செயின்ட் ஜேம்ஸ்’ பார்க். 2006-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கேன்ஸஸ் மாநில வழக்கு ஒன்றில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி தாமஸ் கேன்ஸஸ் என்ற பெயருக்குப் பின் குறியை மட்டும் வைத்தார், மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சூட்டர் எஸ்ஸும் சேர்த்தார். என் கருத்து, பள்ளியில் ஒருமைக்கு எப்போதும் எஸ் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். வாய் ஜேம்ஸிஸ் என்றுதான் சொல்கிறது, எழுத்தும் அதோடு ஒத்துப்போகும். தாஸ் என்பவருடைய வீடும் தாஸ்’ஸ் ஹவுஸ்தான்.

கடை, நிலையம், வங்கி ஆகியவற்றின் பெயரில் மட்டும் இலக்கணம் பார்க்க வேண்டாம், அவர்கள் எழுதுகிறபடி எழுதுங்கள். மெக்டொனால்ட்’ஸில் குறி உண்டு, ஹாரட்ஸில் இல்லை. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012-இல் குறியைக் கைவிட்டது. லண்டன் சுரங்க ரயிலில் ஏர்ல்’ஸ் கோர்ட் நிலையத்துக்குக் குறி உண்டு, பக்கத்திலேயே உள்ள பேரன்ஸ் கோர்ட்டுக்குக் கிடையாது. அமெரிக்காவின் புவியியல் பெயர் வாரியம் 1890-இல் தொடங்கியதிலிருந்தே ஊர்ப்பெயர்களில் உடைமைக் குறியைத் தவிர்த்து வருகிறது. மார்த்தா’ஸ் வின்யார்ட் தீவு போல விலக்குப் பெற்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

கடைசியாக மாமியார். மதர்-இன்-லா என்ற சொல்லில் பன்மை எஸ் மதர் மேல் ஏறும், மதர்ஸ்-இன்-லா. உடைமை முழுச் சொல்லின் கடைசியில் ஒட்டும், மதர்-இன்-லா’ஸ். பன்மை அந்தப் பெயருக்கு மட்டும் உரியது, உடைமை முழுத் தொடருக்கும் உரியது என்ற வேறுபாடு இங்கேதான் வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. ராமும் சீதாவும் ஒரே வீட்டில் இருந்தால் ராம் அண்ட் சீதா’ஸ் ஹவுஸ் என்று கடைசியில் ஒரு குறி போதும். இருவருக்கும் தனித்தனி வீடு என்றால் ராம்’ஸ் அண்ட் சீதா’ஸ் ஹவுஸஸ். இரண்டு மாமியார்களின் வீடுகளைப் பற்றி எழுத நேர்ந்தால் மதர்ஸ்-இன்-லா’ஸ் என்பது இலக்கணப்படி சரியே. ஆனால் படிக்கிறவருக்குச் சிரமம். ஆஃப் போட்டு வாக்கியத்தைத் திருப்பி எழுதிக்கொள்வது நல்லது.